படுகளத்தில் துரியோதனன், ஆம்புலன்ஸில் ஜோக்கர்

அமெரிக்க காமிக்ஸ் வில்லன்களைப் பாருங்கள். லெக்ஸ் லூதரிடம் மூளை இருக்கிறது, பணமும் இருக்கிறது. டாக்டர் டூம் லாட்வேரியா என்ற நாட்டுக்கே அரசன். விஞ்ஞானம் தெரியும், மந்திரமும் தெரியும். தானோஸுக்குப் படை பட்டாளம் உண்டு. ஜோக்கரிடம் இதில் எதுவுமே இல்லை, ஆனால் சாவைப் பற்றிய பயமும் இல்லை. இத்தனை இருந்தும் இவர்கள் எல்லோரும் தோற்றுக்கொண்டே வருகிறார்கள், சிலர் எண்பது வருஷத்துக்கு மேலாக. ஏன் என்று கேட்டால் “நல்லவன்தான் கடைசியில் ஜெயிப்பான்” என்று பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். அந்தப் பதிலில் எனக்கு எப்போதும் திருப்தி இருந்ததில்லை. நல்லவன் ஜெயிக்க வேண்டும் என்பது நம் ஆசை. கதைக்குள் அது எப்படி நடக்கிறது, யார் அதை நடத்தி வைக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

இந்தக் கேள்வி மேல் எனக்கு இவ்வளவு பிடிப்பு வந்ததற்கு ஊரும் ஒரு காரணம். நான் வளர்ந்தது ஆரணிப் பக்கம். 1989இல் பிரிக்கப்படுவதற்கு முன் வேலூர், திருவண்ணாமலை எல்லாம் சேர்ந்து வட ஆற்காடு என்று ஒரே மாவட்டமாக இருந்தது. இங்கே கோடை வந்துவிட்டால் ஊருக்கு ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் அக்னி வசந்த விழா. பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரியில் தெருக்கூத்து. விடிய விடியக் கூத்துப் பார்த்துவிட்டு, மதியம் திண்ணையில் படுத்துக்கொண்டு முத்து காமிக்ஸ் படித்த பையன்கள் எத்தனையோ பேர். ராத்திரி துரியோதனன், பகலில் முகமூடிக் கொள்ளையன். இரண்டு பேருமே தோற்கப் போகிறவர்கள் என்று தெரியும். ஆனால் அந்தத் தோல்விகள் ஒரே ஜாதி இல்லை. அந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு போனால்தான் காமிக்ஸ் வில்லனின் கதி புரியும் என்று நினைக்கிறேன்.

முதலில் ஜோக்கரை எடுத்துக்கொள்வோம். 1940இல் பேட்மேனுக்கென்று தனிப் புத்தகம் தொடங்கியபோது, முதல் இதழிலேயே ஜோக்கர் இரண்டு கதைகளில் வருகிறான். இரண்டாவது கதையின் சண்டையில் அவனுடைய கத்தி அவன் நெஞ்சிலேயே இறங்குகிறது. சிரித்துக்கொண்டே சாய்கிறான். எழுதியவர்களின் திட்டப்படி அவன் கதை அங்கேயே முடிந்தது. ஒரே வில்லன் திரும்பத் திரும்ப வந்தால் பேட்மேன் கையாலாகாதவனாகத் தெரிவான் என்பது அவர்கள் கவலை. ஆனால் எடிட்டர் விட்னி எல்ஸ்வொர்த் விடவில்லை. இப்படி ஒரு பாத்திரத்தை ஒரே இதழில் காலி பண்ணுவதா என்று கடைசியில் ஒரு கட்டம் கூடுதலாக வரையச் சொன்னார். அந்தக் கட்டத்தில் ஆம்புலன்ஸுக்குள் ஜோக்கரைப் பரிசோதிக்கிற டாக்டர், இவன் சாகவில்லை, பிழைத்துக்கொள்வான் என்கிறார். அவ்வளவுதான். ஒரே ஒரு சின்னக் கட்டம். ஜோக்கர் இன்றைக்கும் உயிரோடு இருப்பது அதனால்தான், இன்றைக்கும் தோற்றுக்கொண்டிருப்பதும் அதனால்தான்.

ஏனென்றால் அன்று எல்ஸ்வொர்த் காப்பாற்றியது ஒரு சரக்கை. அமெரிக்க காமிக்ஸ் மாதாமாதம் வருகிற வியாபாரம். சூப்பர்மேன் 1938இல் வந்தவன். அவனை உருவாக்கிய ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் காலமாகி வருஷங்கள் ஆகிவிட்டன, சூப்பர்மேன் வந்துகொண்டே இருக்கிறான். பாத்திரத்தின் உரிமை கம்பெனியிடம். எழுதுகிறவர் மாறுவார், வரைகிறவர் மாறுவார், அட்டையில் இருக்கிற பெயர் மட்டும் மாறக்கூடாது. அப்படியானால் ஒவ்வொரு கதையும் முடியும்போது எல்லாம் பழைய இடத்துக்கு வந்து சேர வேண்டும். நகரம் இடியலாம், ஆனால் அடுத்த மாதத்துக்குள் எழுந்து நிற்க வேண்டும். வில்லன் ஜெயித்துவிட்டால் அடுத்த மாதம் புத்தகம் கிடையாது. செத்துவிட்டால் அதற்கடுத்த மாதத்துக்கு நல்ல எதிரி கிடையாது. ஆகவே அவன் தோற்கவும் வேண்டும், தப்பிக்கவும் வேண்டும்.

இதை மீறிப் பார்த்தவர்களும் உண்டு. 1973இல் ஸ்பைடர்மேன் கதையில் கிரீன் காப்ளின், நாயகனின் காதலி க்வென் ஸ்டேசியைப் பாலத்தின் உச்சியிலிருந்து தள்ளிவிடுகிறான். அவள் செத்தே போகிறாள். அது வில்லனுக்குக் கிடைத்த உண்மையான வெற்றி, படித்தவர்கள் ஆடிப்போனார்கள். அடுத்த இதழில் காப்ளினின் சொந்தப் பறக்கும் வண்டியே அவனைக் குத்திக் கொல்கிறது. சரி, கணக்கு தீர்ந்தது என்று பார்த்தால், 1996இல் அவன் உயிரோடு திரும்பி வந்துவிட்டான். 1992இல் டூம்ஸ்டே என்ற அசுரன் சூப்பர்மேனையே அடித்துக் கொன்றான். தானும் செத்தான். மறு வருஷமே சூப்பர்மேன் எழுந்து வந்தார். டூம்ஸ்டேயும் சும்மா இருக்கவில்லை, அவனும் வந்தான்.

இதற்கு நேர் எதிரான உதாரணம் ஒன்று சொல்ல வேண்டும். 1986–87இல் வந்த ‘வாட்ச்மென்’ பன்னிரண்டு இதழ்களோடு முடிந்த கதை. அதில் ஓசிமாண்டியாஸ் என்பவன் செய்கிற சதியைத் தடுக்க மற்ற ஹீரோக்கள் ஓடி வருகிறார்கள். அவன் தன் திட்டம் முழுவதையும் விளக்கிவிட்டு, இதை முப்பத்தைந்து நிமிஷத்துக்கு முன்பே செய்து முடித்துவிட்டேன் என்கிறான். நியூயார்க்கில் லட்சக்கணக்கானவர்கள் ஏற்கெனவே செத்துவிட்டார்கள். அவனை அவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அப்படி எழுத முடிந்ததற்குக் காரணம், பதின்மூன்றாவது இதழ் என்று ஒன்று திட்டத்திலேயே இல்லை என்பதுதான். முடிகிற கதையில் வில்லனுக்கு வாய்ப்பு உண்டு. முடியாத கதையில் கிடையவே கிடையாது.

வியாபாரத்தோடு இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது. 1954இல் ஃபிரெடரிக் வெர்த்தம் என்ற மனநல மருத்துவர், காமிக்ஸ் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று புத்தகமே எழுதினார். அமெரிக்க செனட்டின் துணைக்குழு விசாரணை நடத்தியது. அரசாங்கம் கை வைப்பதற்கு முன் நாமே கட்டுப்பாடு போட்டுக்கொள்ளலாம் என்று பதிப்பாளர்கள் கூடி, அதே வருஷம் ஒரு நெறிமுறையைக் கொண்டு வந்தார்கள். எந்தச் சந்தர்ப்பத்திலும் நன்மையே தீமையை வெல்ல வேண்டும், குற்றவாளி தன் குற்றத்துக்குத் தண்டனை அடைய வேண்டும் என்று அதில் எழுத்துப்பூர்வமாகவே இருந்தது. குற்றவாளி மேல் வாசகனுக்கு அனுதாபம் வரும்படி காட்டக்கூடாது என்றும் இருந்தது. இது சட்டம் கிடையாது. ஆனால் நெறிமுறைக்கு உட்பட்ட புத்தகத்தின் அட்டையில் ஒரு முத்திரை இருக்கும். அது இல்லாத புத்தகத்தை விநியோகஸ்தர்கள் எடுக்கத் தயங்கினார்கள், கடைக்குப் போகாத புத்தகம் விற்காது. 1971இல் விதிகள் கொஞ்சம் தளர்ந்தன. பெரிய கம்பெனிகளில் ஸ்பைடர்மேனை வெளியிடுகிற மார்வெல் 2001இல் அந்த முத்திரையைக் கைவிட்டது, பேட்மேனை வெளியிடுகிற டிசி 2011இல். ஆக, வில்லன் தோற்றாக வேண்டும் என்பது ஒரு காலத்தில் கதாசிரியரின் முடிவாகவே இருக்கவில்லை.

எனக்கு இதில் உறுத்துவது அந்த அனுதாப விதிதான். தோற்கிறவன் மேல் இரக்கம் வரக்கூடாது என்று எழுதி வைத்தவர்கள் எங்கள் பக்கத்துப் படுகளத்தை ஒரு தடவை பார்த்திருக்க வேண்டும்.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். விழாவின் கடைசி ராத்திரி ‘பதினெட்டாம் போர்’ கூத்து. விடிகிற நேரத்தில் கூத்து மேடையை விட்டு இறங்கித் திடலுக்கு வந்துவிடும். அங்கே துரியோதனனை மண்ணால் செய்து மல்லாக்கப் படுக்க வைத்திருப்பார்கள். ஆள் ஏறி நடக்கலாம், அவ்வளவு பெரிய உருவம். வண்ணம் பூசி, மீசை வைத்து, கண்ணை அகல விழித்தபடி கிடப்பான். வேஷம் கட்டிய பீமனும் துரியோதனனும் அந்த உருவத்தைச் சுற்றிச் சுற்றி ஓடுவார்கள், மேலே ஏறி நின்று வசனம் பேசுவார்கள். ராத்திரி முழுக்க ஆடிய களைப்பு இரண்டு பேர் முகத்திலும் தெரியும். அரிதாரம் வியர்வையில் வழிந்திருக்கும். கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லு ஒட்டிய கிரீடமும் புஜகீர்த்தியும் வெயிலில் பளபளக்கும். கடைசியில் தொடையில் அடி விழும். உள்ளே வைத்திருந்த செந்நீர் வழியும், அதைத் தொட்டுத் திரௌபதி விரித்த கூந்தலை முடிவாள். அதற்கப்புறம் நடப்பதுதான் முக்கியம். துரியோதனன் மனைவி பெருந்திருவாள் வந்து புலம்புவாள். கூட்டத்தில் உள்ள பெண்கள் சேர்ந்து அழுவதை நான் பார்த்திருக்கிறேன், யாரோ ஒருவர் வீட்டுச் சாவுக்கு அழுவது போலவே. பிறகு அந்த உருவத்திலிருந்து ஒரு கை மண் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். சாயங்காலம் தீமிதி.

பாஞ்சாலியின் துகிலை உரியச் சொன்னவன் அவன். அதை யாரும் மறக்கவில்லை, மன்னிக்கவும் இல்லை. இருந்தாலும் அழுகிறார்கள். அவன் தோல்வி முழுசான தோல்வி என்பதால் அழ முடிகிறது. அடுத்த வருஷம் கூத்தில் வரப்போவது இதே துரியோதனன், இதே கதை. தப்பித்து வந்து புதுச் சதி செய்கிற துரியோதனன் இல்லை. ஜோக்கருக்கு யாரும் ஒப்பாரி வைக்க முடியாது. ஆஸ்பத்திரிக் கதவு எப்படியும் திறக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். துரியோதனன் தோற்பது கடைசியில்தான். அதுவரைக்கும் ஜெயித்துக்கொண்டே இருக்கிறான். சூதில் ஜெயித்தான், நாட்டைப் பிடித்தான், பாண்டவர்களைப் பதின்மூன்று வருஷம் காட்டிலும் மறைவிலும் அலைய வைத்தான். போரிலும் அப்படித்தான். பதின்மூன்றாம் நாள், சக்கர வியூகத்துக்குள் அபிமன்யு நுழைகிறான். பின்னால் வந்தவர்களைச் சைந்தவன் வாசலிலேயே மறித்துவிட்டான். உள்ளே ஆறு மகாரதிகள் ஒரே சமயத்தில் சூழ்ந்துகொண்டு அந்தப் பிள்ளையைக் கொன்றார்கள். அதர்மம்தான். ஆனால் காரியம் முடிந்தது.

இப்போது 1964க்கு வாருங்கள். அந்த வருஷம் வந்த ஸ்பைடர்மேன் ஆண்டு மலரில் டாக்டர் ஆக்டோபஸ் ஆறு வில்லன்களை ஒன்று சேர்க்கிறான்: அவன், வல்ச்சர், எலெக்ட்ரோ, கிரேவன், மிஸ்டீரியோ, சாண்ட்மேன். இங்கேயும் ஆறு பேர், எதிரே ஒரே ஒரு இளைஞன். அதிலும் அந்தச் சமயம் ஸ்பைடர்மேனுக்கு மனக்குழப்பத்தில் சக்தியே போயிருந்தது. இதை விட நல்ல வாய்ப்பு எந்த வில்லனுக்கும் கிடைத்திருக்காது. அவர்கள் என்ன செய்தார்கள்? வரிசை போட்டுக்கொண்டு, ஆளுக்கொரு இடத்தில் காத்திருந்து, ஒருவன் பின் ஒருவனாகச் சண்டை போட்டார்கள். முதல் சண்டையிலேயே அவனுக்குச் சக்தி திரும்பிவிட்டது. அப்புறம் ஆறு பேரும் ஆறு தடவை தோற்றார்கள்.

கௌரவர்கள் செய்ததை இவர்கள் ஏன் செய்யவில்லை? நான் புரிந்துகொண்டபடி, அந்த ஆறு பேரையும் சேர்த்து வைக்க ஒரு விசுவாசம் கிடையாது. ஸ்பைடர்மேனை வீழ்த்தியவன் நான் என்று சொல்லிக்கொள்ள ஒவ்வொருவனுக்கும் ஆசை. துரியோதனன் பக்கம் கர்ணன் இருந்தான். சாகப் போகிறோம் என்று தெரிந்தும் பக்கம் மாறாதவன். எங்கள் பக்கம் ‘கர்ண மோட்சம்’ வைத்தால் மற்ற நாள் வராதவர்கள்கூட வந்து உட்கார்வார்கள். துரியோதனனுக்கு நட்பு என்றால் என்னவென்று தெரிந்திருந்தது, அதுதான் அவனை அவ்வளவு தூரம் கொண்டு வந்தது. சூப்பர்வில்லன்களில் அப்படி ஒரு நண்பனை வைத்திருப்பவன் ரொம்ப அபூர்வம். அடியாள் இருப்பான், கூட்டாளி இருப்பான், நண்பன் இருக்க மாட்டான்.

அடுத்தது, வரத்தில் உள்ள ஓட்டை. இது நம் கதைகளுக்குப் பழகிய விஷயம். இரணியன் வாங்கி வந்த வரத்தைப் பாருங்கள்: மனுஷனாலும் சாவு இல்லை, மிருகத்தாலும் இல்லை, பகலிலும் இல்லை, இரவிலும் இல்லை, வீட்டுக்கு உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. எல்லாக் கதவையும் அடைத்துவிட்டதாக நினைத்தான். நரசிம்மம் அந்திப் பொழுதில் வாசற்படியில் வைத்து முடித்தது. துரியோதனனுக்கும் அப்படித்தான். காந்தாரி கண்கட்டை அவிழ்த்துப் பார்த்த பார்வையில் உடம்பெல்லாம் வஜ்ரமாயிற்று, வெட்கப்பட்டு மறைத்த தொடை மட்டும் சதையாகவே நின்றது என்று இங்கே சொல்வார்கள். இந்த இரண்டு கதையிலும் ஓட்டை வெளியிலிருந்து வந்து சேரவில்லை. இரணியன் தன் புத்தியை நம்பினான், அந்தப் புத்தி எட்டாத இடத்தில் சாவு இருந்தது. காமிக்ஸிலும் நல்ல எழுத்தாளர்கள் இதையேதான் செய்கிறார்கள். வில்லனின் சக்தி எங்கிருந்து வருகிறதோ, அங்கேயே அவன் தோல்வியையும் வைத்துவிடுகிறார்கள்.

ரிட்லர் ஒவ்வொரு திருட்டுக்கு முன்னாலும் பேட்மேனுக்கு விடுகதை அனுப்புகிறவன். அதை விடுவித்துத்தான் பேட்மேன் அவனைப் பிடிக்கிறார். 1966இல் வந்த ஒரு கதையில் அவனே யோசிக்கிறான்: விடுகதை அனுப்பாமல் திருடினால் யார் பிடிப்பார்கள்? முயற்சி செய்கிறான், முடியவில்லை. அனுப்பக்கூடாது என்று தீர்மானித்த பிறகும் அவனை அறியாமலே துப்பு விட்டுக்கொண்டு போகிறான். அவனுக்கு வேண்டியது பணமே இல்லை. தன் புத்திசாலித்தனத்தைப் புரிந்துகொள்கிற ஒருவன் எதிரில் இருக்க வேண்டும், அந்த ஒருவன் பேட்மேன்தான்.

தானோஸ் இன்னும் ஆழம். 1991இல் ஜிம் ஸ்டார்லின் எழுதிய தொடரில் தானோஸ் சர்வ சக்தி தருகிற ஆறு ரத்தினங்களையும் கையுறையில் பதித்து, விரலைச் சொடுக்கிப் பிரபஞ்சத்தில் பாதி உயிர்களை அழிக்கிறான். சாவு என்பவளே அந்தக் கதையில் ஒரு பாத்திரம். அவள் மனசைப் பிடிப்பதற்காக இத்தனையும் செய்கிறான். எதிர்த்து வந்த ஹீரோக்களைத் துவம்சம் பண்ணுகிறான். கிட்டத்தட்ட கடவுளே ஆகிவிடுகிறான். அந்த உச்சத்தில் உடம்பை விட்டு வெளியே போகும்போது, கையுறையை அந்த உடம்பிலேயே விட்டுவிட்டுப் போகிறான். அவன் சித்திரவதை செய்து வைத்திருந்த நெபுலா அதைக் கழற்றிக்கொள்கிறாள். பிறகு அவனை எதிர்க்கிற ஹீரோ ஆடம் வார்லாக் அவனிடம் சொல்வதுதான் மொத்தக் கதையின் உயிர்: நீ ஒவ்வொரு தடவையும் உன்னைத் தோற்கடிக்கிற வழியை நீயே எதிரியிடம் கொடுக்கிறாய், உனக்கு அந்த இடத்துக்குத் தகுதி இல்லை என்று உன் அடிமனசுக்குத் தெரியும். தானோஸ் அதை மறுக்க முடியாமல் நிற்கிறான். கதையின் முடிவில் ஆளில்லாத ஒரு கிரகத்தில் விவசாயம் பார்க்கிறான்.

டூமுக்கு வேறு மாதிரி. 1987இல் வந்த ஒரு கதையில் அவன் நிஜமாகவே உலகத்தைப் பிடித்துவிடுகிறான். மனசை வசப்படுத்துகிற பர்ப்பிள் மேனின் சக்தியைப் பெருக்கி, எல்லா நாடும் அவனைத் தலைவனாக ஏற்றுக்கொள்ளும்படி செய்கிறான். ஆட்சியும் நன்றாகவே நடக்கிறது. ஆனால் கோப்பு பார்ப்பதும் மனு கேட்பதும் கையெழுத்துப் போடுவதும் அவனுக்கு ஒத்துவரவில்லை. ஹீரோக்கள் வந்து சேர்வதற்கு முன்பே அந்த நாற்காலி சலித்துவிடுகிறது. பிடிப்பதில் இருக்கிற வெறி வைத்து ஆள்வதில் இல்லை. இதைப் படித்தபோது எனக்கு வில்லன்கள் மேல் இருந்த பார்வையே மாறியது. இத்தனை நாள் இவர்கள் ஜெயிக்காமல் போனதால் இவர்களுக்கு என்ன வேண்டும் என்று நமக்கும் தெரியவில்லை, அவர்களுக்கும் தெரியவில்லை.

இனி அட்டையில் யார் பெயர் என்ற கேள்வி. தமிழில் காமிக்ஸ் படித்தவர்களுக்கு இது நன்றாகவே தெரிந்த விஷயம், யோசித்துப் பார்த்திருக்க மாட்டோம், அவ்வளவுதான். 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழே ‘இரும்புக்கை மாயாவி’. பிரிட்டனின் ‘வேலியன்ட்’ வார இதழில் 1962இல் வந்த தொடர் அது. சோதனைக்கூட விபத்தில் கையை இழந்த லூயிஸ் கிராண்டெல் இரும்புக்கை மாட்டிக்கொள்கிறான். மின்சாரம் பாய்ந்தால் அந்தக் கையைத் தவிர மற்ற உடம்பெல்லாம் மறைந்துவிடும். முதல் கதையில் அவன் நல்லவன் இல்லை. அந்தச் சக்தியை வைத்துக் குற்றத்தில் இறங்கி ஊரையே நடுங்க வைக்கிறான். பிறகுதான் திருந்தி உளவுப் படையில் சேர்ந்தான். 1984இல் தொடங்கிய லயன் காமிக்ஸின் நட்சத்திரமான ஸ்பைடரும் அப்படியே (ஸ்பைடர்மேன் வேறு, இவன் வேறு). 1965இல் ஆங்கிலத்தில் அறிமுகமானபோது குற்ற உலகத்துக்கே சக்கரவர்த்தியாக வேண்டும் என்று கிளம்பியவன் அவன். அடுத்த வருஷம் அந்தக் கதையை எழுத வந்தவர் யார் தெரியுமா? சூப்பர்மேனை உருவாக்கிய அதே ஜெர்ரி சீகல். சீக்கிரமே ஸ்பைடர் மற்ற வில்லன்களை அடக்குகிறவனாக மாறிவிட்டான்.

வேலூரிலும் ஆரணியிலும் வாடகைக் கடையில் அட்டை கிழிந்த பிரதிகளை வாங்கிப் படித்த நாங்கள் ஸ்பைடரின் கர்வத்தையும் வலைத் துப்பாக்கியையும் அப்படி ரசித்தோம். அவன் ஜெயிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டோம், அவன் ஜெயித்தான். தொடர் அவன் பெயரில் வந்ததால் அவன் தோற்கவும் முடியாது, கெட்டவனாக நீடிக்கவும் முடியாது.

1975இல் ஜோக்கர் பெயரிலேயே ஒரு தொடர் வந்தது. அப்போது நெறிமுறை அமலில் இருந்ததால் அவனை நல்லவனாக்கவும் முடியாமல், ஜெயிக்க விடவும் முடியாமல் திண்டாடினார்கள். சொந்தப் புத்தகத்திலேயே அவன் தோற்க வேண்டியிருந்தது. அது ஒன்பது இதழோடு நின்றுபோனது.

டூமுக்கு நல்லவனாகிற வாய்ப்பு ரொம்பத் தாமதமாக வந்தது. 2015இல் வந்த பெருந்தொடரில், அழிந்த பிரபஞ்சங்களின் மிச்சங்களைச் சேர்த்து ஒரே உலகமாக ஒட்டவைத்து, அதற்குக் கடவுளாக உட்கார்ந்திருக்கிறான். தன் ஜென்ம எதிரி ரீட் ரிச்சர்ட்ஸின் மனைவி மக்களையும் தன் குடும்பமாக ஆக்கிக்கொண்டான். 2016 ஜனவரியில் வந்த கடைசி இதழில் ரீட் நேருக்கு நேர் வந்து நிற்கிறான். இந்தச் சக்தி ரீட்டிடம் இருந்திருந்தால் தன்னை விட நன்றாகச் செய்திருப்பான் என்று டூம் தன் வாயாலேயே ஒப்புக்கொள்கிறான். அதோடு ஆட்டம் முடிகிறது. அவனை வீழ்த்தியது அந்த ஒரு ஒப்புதல். ரீட் அவனைக் கொல்லவில்லை. முகமூடிக்குள் இத்தனை காலம் மறைத்து வைத்திருந்த அந்தச் சிதைந்த முகத்தைச் சரிசெய்து கொடுத்துவிடுகிறான். அதே வருஷக் கடைசியில் டூம் பழைய பச்சை அங்கியைக் கழற்றிவிட்டு அயர்ன்மேனின் கவசத்தைப் போட்டுக்கொண்டு, ஊருக்கு நல்லது செய்கிறவனாகத் தனித் தொடரில் வந்தான். தொடர் முடிந்த பிறகு கொஞ்ச நாளில் பழைய அங்கி திரும்பி வந்தது, லாட்வேரியா வந்தது, ரீட் மேல் இருந்த பகையும் வந்தது.